எல்வேட் பதிவேட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வேலையில் சேர்ந்த முதல் வாரம். ஒரு நோயாளியின் சார்ட்டைத் திறக்கிறீர்கள். ரத்த அழுத்தம் இருக்க வேண்டிய கட்டத்தில் 84 என்று ஒரே ஓர் எண். கீழ் எண்ணைக் காணோம். நாடித்துடிப்புக் கட்டத்தில் 'தொட்டால் தெரியவில்லை' என்று இருக்கிறது. நர்ஸ் எழுத மறந்துவிட்டார் என்று நினைத்து அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவருடைய இடது இதயக் கீழறையில் ஒரு பம்ப் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் எல்வேட் என்கிறோம். அது சுருங்கி விரிவதில்லை, விசிறி மாதிரி ஓயாமல் சுழல்கிறது. ரத்தம் அலையலையாக வராமல் ஒரே ஓட்டமாக வருவதால் பெரும்பாலானவர்களுக்கு மணிக்கட்டில் நாடி கிடைக்காது. கையில் பட்டை கட்டி, காற்றை இறக்கும்போது, ரத்த ஓட்டத்தைச் சத்தமாக்கும் டாப்ளர் கருவியில் முதல் சத்தம் எங்கே கேட்கிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அதுதான் அந்த 84.

நான் ஊரில் ஐசியு நர்சாக இருந்தவள். அமெரிக்கா வந்த பிறகு சில வருடம் வார்டு வேலை பார்த்துவிட்டு, இடுப்பு வலி வந்ததும் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர், சார்ட்டைப் படித்துப் பதிவேட்டுப் படிவத்தில் ஏற்றும் இந்த வேலைக்கு வருகிறார்கள். 'எங்கிருந்து ஆரம்பிக்கிறது அக்கா?' என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், எந்தப் பதிவேடு?

நீண்டகாலம் உடலோடு இருக்கும்படி பொருத்தும் இதயத் துணைப் பம்புகளுக்கு அமெரிக்காவில் இருக்கும் பதிவேடு இன்டர்மேக்ஸ். பல அரசுத் துறைகள் சேர்ந்து தொடங்கியது என்பது அந்தப் பெயரின் முதல் சொல்லான 'இன்டர்ஏஜென்சி'யிலேயே இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் தரும் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம், கருவிக்கு அனுமதி தரும் எஃப்டிஏ, முதியோரின் சிகிச்சைக் கட்டணத்தைக் கட்டும் மெடிகேர் அலுவலகம் என்று மூன்று பேர் கூடித் தொடங்கினார்கள். மூவருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஆய்வுக்கு வெளியே, அன்றாட மருத்துவமனையில், இந்தப் பம்ப் எப்படி நடந்துகொள்கிறது?

அந்தக் கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. மாற்று இதயம் பெறத் தகுதியில்லாத 129 பேரை வைத்துச் செய்த ரீமேட்ச் ஆய்வு 2001இல் வெளியானது. மருந்து மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் 25 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பம்ப் வைத்தவர்களில் 52 சதவீதம். இரண்டு மடங்கு என்று எல்லோரும் பேசினார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் இரண்டும் 8, 23 என்று இறங்கியதைக் குறைவாகவே பேசினார்கள். அந்தப் பம்பும் பழைய தலைமுறை. பம்ப் மாறிக்கொண்டே போகும்போது 129 பேரின் கணக்கை வைத்து எத்தனை வருடம் ஓட்டுவது? 2006 ஜூனில் இன்டர்மேக்ஸ் பதிவு தொடங்கியது. அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகம் தரவு மையமாக இருந்தது. இதய அறுவை நிபுணர் ஜேம்ஸ் கிர்க்லின் தலைமை ஏற்றார். 2018இல் பதிவேடு தொராசிக் சர்ஜன்கள் சங்கமான எஸ்டிஎஸ்ஸிடம் போனது. எனவே இன்று எஸ்டிஎஸ் இன்டர்மேக்ஸ் என்று பார்த்தாலும், பழைய கட்டுரையில் வெறும் இன்டர்மேக்ஸ் என்று பார்த்தாலும் ஒன்றேதான்.

ஜப்பானின் ஜே-மேக்ஸ், ஐரோப்பாவின் யூரோமேக்ஸ் எல்லாம் கட்டுரை படிக்கும்போது கண்ணில் படும். தினசரி வேலையில் அவை குறுக்கிடாது.

யார் உள்ளே, யார் வெளியே

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. எஃப்டிஏ அனுமதி பெற்ற நீண்டகாலக் கருவி பொருத்தப்பட்டவர் உள்ளே வருவார். இடது பக்கப் பம்ப், இரண்டு பக்கப் பம்ப், முழுச் செயற்கை இதயம் மூன்றும் இதில் அடங்கும். பொருத்தும் அன்று 19 வயது நிரம்பாதவர் 2012இல் தொடங்கிய பெடிமேக்ஸ் பிரிவுக்குப் போவார். எக்மோவில் (இதயம், நுரையீரல் வேலையை உடலுக்கு வெளியே இருந்து செய்யும் இயந்திரம்) மட்டும் இருந்தவர், தொடை வழியாக இம்பெல்லா என்ற தற்காலிகப் பம்ப் மட்டும் வைத்து எடுத்த பெரியவர் இவர்களுக்கெல்லாம் இங்கே தனிப் பதிவு கிடையாது. ஆனால் எக்மோவில் நான்கு நாள் இருந்துவிட்டுப் பிறகு எல்வேட் வைத்துக்கொண்டால், அந்த நான்கு நாள் கதையும் அறுவைக்கு முந்தைய படிவத்தில் வர வேண்டும். அதை விட்டுவிட்டால் சாகக் கிடந்த மனிதர் ஏதோ வீட்டிலிருந்து நடந்து வந்து பம்ப் வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சேர்க்காமல் விட்டவரையும் ஏன் விட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். தப்பியவர்களை மட்டும் சேர்க்கும் பதிவேடு எந்த மருத்துவமனையையும் கெட்டிக்கார மருத்துவமனையாகக் காட்டிவிடும்.

ஏழு நிலைகள்

பம்ப் வைப்பதற்கு முன் நோயாளி எவ்வளவு மோசமாக இருந்தார் என்பதை 1 முதல் 7 வரை ஓர் எண்ணில் சொல்வது இன்டர்மேக்ஸ் நிலை. நம் பழக்கத்துக்கு 1 என்றால் முதல் மதிப்பெண். இங்கே தலைகீழ்: 1தான் மிக மோசம்.

முதல் நிலையை வார்டில் 'க்ராஷ் அண்ட் பர்ன்' என்பார்கள். மருந்தை ஏற்ற ஏற்ற அழுத்தம் விழுந்துகொண்டே போகும், சிறுநீர் நிற்கும், லாக்டேட் ஏறும். கையில் இருப்பது மணிக்கணக்குதான். இரண்டாம் நிலைக்காரர் டோபுடமைன், மில்ரினோன் போன்று இதயத்தை உந்தும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லச் சறுக்குகிறவர். மூன்றாமவர் அதே மருந்தில் நிலையாக இருப்பார், மருந்தை நிறுத்தினால் விழுவார். நான்காமவர் வீட்டில் இருக்கலாம், ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். ஐந்தாமவர் சும்மா இருந்தால் சரி, எழுந்து வேலை பார்த்தால் முடியாது. ஆறாமவர் சில நிமிடம் நடப்பார், அதற்கு மேல் கால் ஓடாது. ஏழாமவர் கொஞ்ச தூரம் சௌகரியமாகவே நடப்பார்.

எழுத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. சார்ட்டில் இருக்காது. 2க்கும் 3க்கும் நடுவில்தான் எல்லாச் சண்டையும். மூன்று நாளாக அதே அளவு மில்ரினோன், ஆனால் சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் தினம் கொஞ்சம் ஏறுகிறது, எடை குறைகிறது, சாப்பாடு இறங்கவில்லை. மருந்தின் அளவை மட்டும் பார்த்தால் 3, ஆளைப் பார்த்தால் 2. அந்த எண்ணை நீங்களாக ஊகித்துப் போடாதீர்கள். டாக்டர் எழுதியிருந்தால் அது. எழுதவில்லை என்றால் உங்கள் காரணத்தை இரண்டு வரியில் எழுதி அவரிடம் காட்டிக் கேளுங்கள். தற்காலிகக் கருவியில் இருந்தாரா, அடிக்கடி அட்மிட் ஆகிறவரா, ஆபத்தான துடிப்புக் கோளாறு உண்டா என்பதற்கு எண்ணோடு சேர்க்கும் துணைக்குறிகள் இருக்கின்றன. அவற்றையும் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் இருக்கிறது. முதல் நிலையில் நேரடியாக எல்வேட் வைத்தவர்கள் ஆரம்ப வாரங்களில் அதிகம் இறக்கிறார்கள் என்பதை இந்த எண்தான் காட்டிக் கொடுத்தது. அதன் பிறகு முதலில் தற்காலிகக் கருவியில் நிலைப்படுத்திவிட்டு எல்வேட் வைக்கும் வழக்கம் கூடியது. மூன்றை இரண்டாக்கி எழுதும் மருத்துவமனைக்குத் தன் முடிவுகள் அபாரமாகத் தெரியும். தணிக்கைக்காரர்கள் முதலில் தோண்டுவதும் அங்கேதான்.

நாட்காட்டி

ஒரு வாரம், ஒரு மாதம், 3 மாதம், 6 மாதம், அதன் பிறகு கருவி உடலில் இருக்கும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கடிகாரம் பம்ப் வைத்த நாளில் தொடங்குகிறது, வீட்டுக்குப் போன நாளில் அல்ல. ஆய்வக எண்களோடு ஆறு நிமிட நடை, வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள் எல்லாம் இதில் வரும். நடைச் சோதனை செய்யவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள். 'நேரமில்லை' வேறு, 'நடக்க முடியாத அளவு நோய்' வேறு. இரண்டையும் ஒரே காலிக் கட்டமாக விட்டால் பிற்பாடு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

பாதக நிகழ்வுகள்: இங்கே அவசரப்படாதீர்கள்

உங்கள் வேலை நேரத்தில் பாதி இதற்குத்தான் போகும். வார்டில் பேசும் சொல் ஒன்று, பதிவேட்டின் வரையறை இன்னொன்று.

ரத்தக்கசிவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பழகிய வரையறையில், ரத்தம் எங்கோ கசிகிறது என்ற சந்தேகம் இருந்து, அதனால் மரணமோ மறு அறுவையோ மருத்துவமனைச் சேர்க்கையோ ரத்தம் ஏற்றுவதோ நேர்ந்தால்தான் பெரிய ரத்தக்கசிவு. ரத்தம் ஏற்றுவதிலும் நாள் பார்க்க வேண்டும். பம்ப் வைத்த முதல் 7 நாளில், பெரியவர் என்றால், 24 மணி நேரத்துக்குள் 4 யூனிட் சிவப்பணு அல்லது அதற்கு மேல் ஏற்றியிருக்க வேண்டும். 7 நாளைத் தாண்டினால் ஒரு யூனிட் கூடப் போதும். நான் சேர்ந்த புதிதில் ஐந்தாம் நாள் 2 யூனிட் ஏற்றியதை எல்லாம் பெரிய ரத்தக்கசிவு என்று வரிசையாகப் போட்டு வைத்திருந்தேன். நாற்பதாம் நாள் கிளினிக்குக்கு மலத்தில் ரத்தத்தோடு வந்து ஒரே யூனிட் ஏற்றிக்கொண்டு போன அம்மாவை விட்டுவிட்டிருந்தேன். தணிக்கைக்கு வந்தவர் ஒரு மத்தியானம் முழுக்க என்னோடு உட்கார்ந்து அத்தனையையும் திருத்தினார். இன்னும் ஒன்று: மூளையில் ரத்தம் கசிந்தால் அது நரம்பியல் நிகழ்வு. அதை ரத்தக்கசிவிலும் சேர்த்து இரண்டு முறை எண்ணக் கூடாது.

பக்கவாதத்துக்கு ஸ்கேன் அறிக்கையைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். கை மரத்துப்போய் 24 மணி நேரத்துக்குள் சரியாகி, படத்தில் மூளைத்திசு செத்த அடையாளமும் இல்லை என்றால் டிஐஏ, அதாவது வந்து போன தற்காலிகத் தாக்கு. அடையாளம் இருந்தால், அவர் மறுநாளே எழுந்து காபி கேட்டாலும் பக்கவாதம்தான்.

அடுத்து எல்டிஎச். ரத்த அணுக்கள் பம்புக்குள் நசுங்கிச் சிதைந்தால் ஏறும் எண். முதல் 72 மணி நேரத்துக்குப் பிறகு இயல்பின் மேல்வரம்பைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டினால் ரத்த அணுச் சிதைவு என்று பார்க்க வேண்டும். பார்க்க ஒரு சாதாரண ஆய்வக எண். அலட்சியமாகத் தட்டச்சு செய்யத் தோன்றும். அதனால் ஒரு கதை சொல்கிறேன்.

ஹார்ட்மேட் 2 என்ற பம்ப் ஒரு காலத்தில் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பம்ப் என்றே பெயர். 2011 வாக்கில் பம்புக்குள் ரத்தம் உறைவது அதிகமாகிறதோ என்று சில இடங்களில் முணுமுணுப்பு எழுந்தது. மூன்று மருத்துவமனைகள் தங்கள் 837 நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தன. பம்ப் வைத்த மூன்று மாதத்துக்குள் உறையும் விகிதம் 2011 மார்ச்சுக்கு முன்பு 2.2 சதவீதம். 2013 ஜனவரி வாக்கில் 8.4. உறைந்தது என்று உறுதியாவதற்குச் சில வாரம் முன்பே எல்டிஎச் சராசரி 540இலிருந்து 1490க்கு ஏறியிருந்தது. 2014இல் இது வெளிவந்தது. மூன்று மருத்துவமனைக் கதைதானே என்று தள்ள முடியவில்லை, ஏனென்றால் இன்டர்மேக்ஸும் தன் தரவைத் திறந்து பார்த்தது. உறைவால் பம்பை மாற்றவோ உயிரிழக்கவோ நேராமல் ஆறு மாதம் கடந்தவர்கள் 2009இல் 99 சதவீதம், 2012இல் 94. ஒவ்வோர் ஊரிலும் ஒன்று இரண்டு பேர் கூடியதை அந்த ஊர் டாக்டர் துரதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருப்பார். ஆறு மாதப் படிவத்தில் யாரோ சோம்பல்படாமல் எண்களைப் போட்டிருந்ததால் மொத்தமாகக் கூட்டிப் பார்க்க முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. வரையறைகள் மாறும். 2020இல் எம்சிஎஸ்-ஆர்க் என்ற நிபுணர் குழு திருத்திய வரையறைகளை வெளியிட்டது. நான் மேலே சொன்ன எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். நிகழ்வு நடந்த தேதிக்கு உரிய கையேட்டுப் பதிப்பு எது என்று பார்த்து, அதைத் திரையின் ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

பதிவு எப்போது முடிகிறது

இறந்தால் முடிகிறது. மாற்று இதயம் பொருத்தினாலும் இங்கே முடிகிறது, அதன் பிறகு அவர் மாற்று உறுப்புப் பதிவுகளின் ஆள். இதயம் தேறிப் பம்பை எடுத்துவிட்டால் ஓராண்டு வரை உயிரோடு இருக்கிறாரா, மாற்று இதயம் பெற்றாரா என்று மட்டும் பார்ப்போம். பம்பை மாற்றிப் புதுப் பம்ப் வைத்தால் பழைய கருவியின் கதை முடிந்து புதுக் கருவியின் கதை தொடங்கும்.

இன்டர்மேக்ஸ் ஆண்டறிக்கையைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். பிழைப்பு வளைகோட்டில், மாற்று இதயம் கிடைத்தவரை அன்றோடு கணக்கிலிருந்து இறக்கிவிடுவார்கள். அவர் பிழைத்தவர் பக்கமும் இல்லை, இறந்தவர் பக்கமும் இல்லை. பக்கத்திலேயே இன்னொரு படம் இருக்கும், எல்லா முடிவுகளையும் அடுக்கிக் காட்டும் படம். கணக்குக்காக நானே ஓர் எண் வைத்துக்கொள்கிறேன்: 100 பேரில் ஓராண்டு முடிவில் 60 பேர் பம்போடு இருக்கிறார்கள், 25 பேருக்கு மாற்று இதயம், 14 பேர் மரணம், ஒருவருக்குப் பம்பை எடுத்தாயிற்று. கூட்டினால் 100 வர வேண்டும். எந்த அறிக்கையைக் கையில் எடுத்தாலும் முதலில் இந்தப் படத்துக்குப் போங்கள். 'மீதிப் பேர் எங்கே?' என்று கேட்டுப் பதில் வராத எந்தச் சதவீதத்தையும் நான் நம்புவதில்லை.

எக்மோ பிரிவிலும் கைகொடுக்கச் சொன்னால்

சொல்வார்கள். எக்மோ என்ற சொல் 2016 டிசம்பரில் ஜெயலலிதாவின் கடைசி இரண்டு நாளில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. 2020இல் எஸ்.பி.பி.க்காக எல்லோரும் மருத்துவமனை அறிக்கையை வரிவரியாகப் படித்தோம். 'எக்மோல வெச்சா எத்தனை பேர் பிழைப்பாங்க?' என்று அப்போது எனக்கு வந்த போன்களுக்கு அளவில்லை.

அதற்கான பதிவேடு எல்சோ. 1989இல் தொடங்கியது, மிச்சிகனின் ஆன் ஆர்பரில் இருக்கிறது. இது ஒரு நாட்டுப் பதிவேடு அல்ல, பல நாட்டு மையங்கள் விரும்பிச் சேர்ந்து அனுப்புவது. இங்கே எண்ணுவதே வேறு மாதிரி. ஒருமுறை போட்டு எடுப்பது ஓர் ஓட்டம், ஒரே ஆளுக்கு இரண்டு ஓட்டம் இருக்கலாம். நுரையீரலுக்கா, இதயத்துக்கா, இதயம் நின்றுபோய் மசாஜ் செய்துகொண்டிருக்கும்போதே போட்டதா என்று மூன்றாகவும், பச்சிளங்குழந்தை, சிறுவர், பெரியவர் என்று வயதிலும் பிரிப்பார்கள். பிறந்த குழந்தையின் நுரையீரல் எக்மோ எண்ணை எடுத்துப் பெரியவருக்குச் சொல்வது பெரிய பாவம். முன்னதில் பிழைப்பு மிக அதிகம்.

எல்சோவில் 'பிழைத்தார்' என்றால் மருத்துவமனையை விட்டு உயிரோடு போனார் என்று பொருள். வேறு மருத்துவமனைக்கு மாற்றினாலும் அதில் சேரும். கொரோனா முதல் அலையில் எக்மோவில் வைத்த 1035 பேரின் எல்சோ கணக்கு 2020இல் லான்செட்டில் வந்தது. 380 பேர் இறந்தார்கள், 37 சதவீதம். அப்படியென்றால் 63 சதவீதம் பேர் வீட்டுக்கா? வீட்டுக்கோ மறுவாழ்வு மையத்துக்கோ போனவர்கள் 311 பேர். 101 பேர் நீண்டகாலப் பராமரிப்பு மையத்துக்கோ எங்கென்று குறிப்பிடாத இடத்துக்கோ, 176 பேர் வேறு மருத்துவமனைக்கு. 67 பேர் அப்போதும் அதே மருத்துவமனையில். கூட்டிப் பாருங்கள், 1035 வரும். அடுத்த ஆண்டு 4812 பேரை வைத்துப் பார்த்தபோது, முதலில் 36.9 சதவீதமாக இருந்த மரணம், தொடக்கத்திலிருந்தே கொரோனாவுக்கு எக்மோ வைத்துவந்த அதே மையங்களிலேயே 2020 மே 1க்குப் பிறகு 51.9 ஆகியிருந்தது. எந்த மாதத்து எண் என்று கேட்காமல் சதவீதம் சொல்லக் கூடாது என்று அதன் பிறகு நானும் பழகிக்கொண்டேன்.

எல்வேடிலும் அப்படித்தான். 2018 அக்டோபரில் அமெரிக்காவில் மாற்று இதயம் ஒதுக்கும் விதி மாறியது. தற்காலிகக் கருவியில் இருப்பவர்கள் வரிசையில் முன்னுக்குப் போனார்கள். விளைவாக, மாற்று இதயத்துக்குக் காத்திருக்கும் பாலமாக எல்வேட் வைப்பது குறைந்தது. 2019இல் வைத்த எல்வேட்களில் பத்தில் ஏழுக்கு மேல் வாழ்நாள் சிகிச்சையாகவே வைத்தவை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை நேராக ஒப்பிட்டால் வேறு வேறு மனிதர்களை ஒப்பிடுகிறீர்கள்.

கடைசியாக ஒரு கட்டம்

எங்கள் பட்டியலில் எச்வேட் என்ற பம்ப் உள்ள சிலர் இன்னும் இருக்கிறார்கள். நரம்பியல் பாதிப்பும் மரணமும் மற்றப் பம்பைவிட அதிகம் என்று நோயாளித் தரவுகள் காட்டியதாலும், நின்றுபோனால் சில பம்புகள் மறுபடி ஓடவில்லை என்பதாலும் மெட்ரானிக் 2021 ஜூனில் அதன் விற்பனையை நிறுத்தியது. விற்பனை நின்றது, உடலுக்குள் ஓடுவது நிற்கவில்லை. நன்றாக ஓடும் பம்பை மட்டும் வெளியே எடுக்க ஓர் அறுவையா என்றால் அதுவும் ஆபத்து. ஆகவே இவர்களின் ஆறு மாதப் படிவம் தொடர்ந்து வரும். பம்ப் நின்றது, அதை இயக்கும் கன்ட்ரோலரை மாற்றியது, அலாரம் அடித்தது என்று சார்ட்டில் எங்கே பார்த்தாலும், சின்ன விஷயம் என்று தோன்றினாலும், கருவிக் கோளாறுக் கட்டத்தைத் திறந்து பாருங்கள்.

ஆறு மாதத் தேதி தாண்டியும் ஒருவர் கிளினிக்குக்கு வரவில்லை என்றால் 'தகவல் இல்லை' என்று அடைத்துவிடும் முன் எல்வேட் கோஆர்டினேட்டரைக் கூப்பிடுங்கள். நடுராத்திரி அலாரம் அடித்தால் நோயாளி வீட்டார் கூப்பிடுவது அவர்களைத்தான். யார் மகள் வீட்டுக்குக் குடிபோனார், யார் வேறு மாநிலத்து மருத்துவமனைக்கு மாறினார், யார் போன மாதம் தவறிவிட்டார் என்பது எந்த சார்ட்டுக்கும் முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை காலையில் கூப்பிடாதீர்கள், வார இறுதி அட்மிஷன் அத்தனையும் அப்போதுதான் அவர்கள் தலையில் இருக்கும். வியாழன் மத்தியானம் சரியாக வரும்.